நூல் விளையாத ஊரும் நீர் போதாத தீவும்

நம் சின்னக் காஞ்சிபுரத்துத் தறிகளில் ஓடும் பட்டு நூல் இங்கே விளைந்ததன்று. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குச் சூரத்தை எதிர்பார்க்கிறோம். ஆயினும் காஞ்சிப் பட்டு என்றால் அறியாதார் இல்லை. மூலப்பொருள் இன்றியே பெயர் பெற்ற ஊரில் வாழும் நமக்குச் சிங்கப்பூரின் கதை எளிதில் விளங்கும்.

1965 ஆகஸ்டு 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானபோது அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர்தான். எண்ணெய்க் கிணறு இல்லை, இரும்புச் சுரங்கம் இல்லை, பெரிய வயல்வெளியும் இல்லை. ஒன்றுமே இல்லாத தீவு என்று சிலர் கூறுவதை மட்டும் நாம் ஒப்ப மாட்டோம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான கடல்வழியில் அமைந்த ஆழமான துறைமுகம் ஒரு செல்வமன்றோ! அத்துறைமுகத்தை வைத்துக்கொண்டு, பிற நாட்டுக் கச்சா எண்ணெயை வரவழைத்துச் சுத்திகரித்து விற்றார்கள். ஜுராங் என்ற சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக மாற்றினார்கள். பிறர் நூலில் நாம் சேலை நெய்வது போன்றதே இதுவும்.

அவர்களை மிகவும் வருத்தியது தண்ணீர். 1942 ஜனவரியில் பின்வாங்கிய ஆங்கிலப் படையினர் ஜோகூர்ப் பாலத்தைத் தகர்த்தபோது, அதன் வழியே வந்த குடிநீர்க் குழாயும் துண்டிக்கப்பட்டது. அடுத்த மாதமே தீவு ஜப்பானியரிடம் சரணடைந்தது. நீர்த் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். அண்டை வீட்டாரின் குழாயை மட்டும் நம்பியிருத்தல் எத்துணை ஆபத்து என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் நீர் 2061 வரை கிடைக்கும். அது இருக்கும்போதே மழைநீரைத் தேக்கினார்கள். 2003 முதல் கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தினார்கள். 2005இல் கடல்நீரையும் குடிநீராக்கத் தொடங்கினார்கள். அசுத்தமாய்க் கிடந்த சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மையாக்க 1977 முதல் பத்தாண்டுகள் பிடித்தன. ஆற்றங்கரையை நம்பிப் பிழைத்த படகுக்காரரும் சிறு வியாபாரிகளும் அப்போது இடம்பெயர வேண்டியதாயிற்று. இதையும் சேர்த்துத்தான் நாம் கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றையும் நாம் புகழ்வதற்கில்லை. கடலைத் தூர்த்துத் தீவை 730 சதுர கிலோமீட்டருக்கு மேல் வளர்த்தார்கள். அதற்கு மணல் விற்ற இந்தோனேசியா, தன் கரைகள் அழிவதைக் கண்டு 2007இல் மண் ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் பாலாற்றை எண்ணிப் பார்த்தால் அவ்வருத்தம் புரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வை வேலை எளிதில் கைவருவதன்று. அத்திறமை நம்முடையது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது; காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இருந்தும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். "இந்தத் தொழில் எங்களோடு போகட்டும்" என்று பெற்றோரே கூறக் கேட்கிறோம். அவர்கள்மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூர் பிறர் பொருளை வாங்கினாலும், விற்கும் விலையைப் பேசும் இடத்தில் தானே அமர்ந்தது. நம் நெசவாளரில் பலர் முதலாளி தரும் நூலையும் பாவையும் வாங்கி, அவர் சொல்லும் கூலிக்கு நெய்கிறார்கள். இதை மாற்றவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. தறி வீட்டில் பிறந்த பெண்கள் சாயம், வடிவமைப்பு, கணக்கு, விற்பனை ஆகியவற்றைக் கற்று அச்சங்கங்களுக்குள் செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. நெசவை விட்டுவிடவா, தொடரவா என்பதைப் பிறகு அவர்களே முடிவு செய்யட்டும். ஒரு சேலையின் விலையில் நூலுக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு என்பதை இவ்வாண்டே நம் கணக்கு வகுப்பில் போட்டுப் பார்க்கலாமே!