மலைமேல் மோட்டாரை விடுங்கள், புரொப்பெல்லரை மாற்றுங்கள்

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. அப்படிப்பட்ட உயரத்தில் மாதிரி விமானம் விட வேண்டுமென்றால் பெரிய மோட்டார், கனமான பேட்டரி என்று யோசிப்பது வீண்செலவு. கூடுதல் சக்தியில் ஒரு பகுதி கூடுதல் எடையைத் தூக்கவே போய்விடும். மெல்லிய காற்றில் பெட்ரோல் இன்ஜின்தான் திணறும். மின்மோட்டாருக்கு மூச்சு முட்டாது. குறைவது புரொப்பெல்லரின் உந்துவிசை. அதனால் 10 அங்குலத்துக்குப் பதில் பத்தரை அங்குலம் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மோட்டார் சூடேறாதா? பயம் நியாயமானதே; மலைக்காற்று குளிர்ந்தாலும் மெல்லியது. ஆனால் புரொப்பெல்லரின் சுமை ஏறக்குறைய பழையதுதான். ஆம்பியரை வாட் மீட்டரில் பார்த்துவிடலாம். தரையிறங்கும் வேகம் 8 சதவீதம் கூடுவதை மட்டும் எந்த மோட்டாரும் தடுக்காது. அதற்கு எடையைத்தான் குறைக்க வேண்டும்.