1,428 ஆண்டு நடந்த குடும்பக் கம்பெனி கைமாறியது ஏன்?

தாத்தா தேடுவார், அப்பா காப்பாற்றுவார், பேரன் கரைப்பான். குடும்பத் தொழில் பற்றி ஊரில் இப்படிச் சொல்வது உண்டு.

ஆனால் ஜப்பான் நாட்டில் ஒரு குடும்பம் 1,428 ஆண்டுகள் கட்டிடத் தொழில் செய்தது. அந்தக் கம்பெனியின் பெயர் கொங்கோ குமி. உலகிலேயே மிகப் பழைய கம்பெனி என்று பெயர் வாங்கியது. 2006-ம் ஆண்டில் அது வேறொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

புயலையும் போரையும் தாங்கிய கம்பெனி அது. கடைசியில் அதைச் சாய்த்தது எது? கடன்!

கோயில் தச்சர்கள்

கி.பி. 578-ல் கொரியாவிலிருந்து ஒரு தச்சர் ஜப்பானுக்கு வரவழைக்கப்பட்டார். புத்தர் கோயில் கட்டுவதற்காக அவர் வந்தார். அவர் பெயர் கொங்கோ ஷிகெமிட்சு. ஒசாகா நகரில் உள்ள ஷிடென்னோஜி கோயில் அந்தக் குடும்பத்தின் கைவேலை. இதுவே அந்தக் குடும்பத்தின் வரலாறு.

அதன் பிறகு குடும்பத்தில் 40 பேர் தலைமை ஏற்றார்கள். மூத்த மகன் என்பதற்காக மட்டும் பதவி கிடைக்கவில்லை. திறமை உள்ளவரே தலைவர் ஆனார். தகுந்த மகன் இல்லாத காலத்தில் மருமகன் வந்தார். குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டார். 1930-களில் ஒரு பெண்ணும் தலைமை தாங்கினார். 1934-ல் புயலில் கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் விழுந்தது. அதை மீண்டும் எழுப்பும் வேலையை அந்த அம்மையார் நடத்தினார்.

புதிய வேலை

காலம் மாறியது. கோயில் வேலை மட்டும் போதவில்லை. கம்பெனி அடுக்குமாடி வீடுகளும் அலுவலகக் கட்டிடங்களும் கட்டத் தொடங்கியது.

கோயில் கட்டுகிறவர் உறுதியான மரத்தையும் நுட்பமான வேலையையும் கேட்பார். அலுவலகம் கட்டுகிறவரோ, குறைந்த விலை யார் சொல்கிறார், எந்தத் தேதியில் முடிப்பார் என்று கேட்பார். அந்தப் போட்டியில் பெரிய கம்பெனிகள் எதிரே நின்றன.

மேலும், கட்டிடத் தொழிலில் கைப்பணம் முதலில் போகும். சிமெண்டும் கம்பியும் வாங்க வேண்டும்; கூலி கொடுக்க வேண்டும். சொந்தக்காரரின் பணம் பிறகுதான் வரும். இடைக்காலத்துக்குக் கடன்தான் வழி.

1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. கடன் வாங்கி நிலத்தில் போட்டால் லாபம் என்று பலரும் நினைத்தார்கள். கொங்கோ குமியும் அப்படியே செய்தது. 1990-களில் விலை சரிந்தது. நிலத்தின் மதிப்பு இறங்கியது, கடன் இறங்கவில்லை. கோயில்களுக்கு வரும் காணிக்கையும் குறைந்தது. கம்பெனியால் தலை தூக்க முடியவில்லை.

இன்னொரு குடும்பம்

அப்படியானால் குடும்பக் கம்பெனிக்குக் கடைகளும் அலுவலகங்களும் கட்டும் வேலை ஆகாதா? அப்படிச் சொல்ல முடியாது.

தக்கேனகா என்ற கம்பெனி 1610-ல் நகோயா நகரில் தொடங்கியது. அதுவும் கோயில் கட்டிய குடும்பம்தான். 1899-ல் அந்தக் குடும்பத்தின் 14-வது தலைவர் கோபே துறைமுக நகரில் தொழிலைத் தொடங்கினார். வணிகக் கட்டிட வேலையைப் படிப்படியாகப் பழகினார்கள். 1958-ல் முடிந்த 333 மீட்டர் உயர டோக்கியோ கோபுரம் அவர்கள் கட்டியது. இன்று அது ஜப்பானின் ஐந்து பெரிய கட்டிடக் கம்பெனிகளில் ஒன்று. அதன் பங்குகள் சந்தைக்கு வரவில்லை. ஆனால் 2013-ல் குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் தலைவர் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

ஆகவே குற்றம் புதிய வேலையில் இல்லை. பழகாத வேலையில், கடன் பணத்தில், அவசரமாக அகலக் கால் வைத்ததே ஆபத்து.

கொங்கோ குமியின் பெயர் அழியவில்லை. ஒசாகாவின் தக்கமட்சு என்ற கட்டிடக் கம்பெனி அதை ஏற்றது. தச்சர்கள் தங்கள் பழைய கோயில் வேலையைத் தொடர்கிறார்கள். உளி பிழைத்தது, உரிமைதான் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று.