பவுடர் டப்பாவை நம்பலாமா?

பெரம்பலூர், அரியலூர் கபடி, ஓட்டப்பந்தய பிள்ளைகளே! ‘சத்து பவுடர், ஊசி, ஒண்ணும் ஆகாது’ என்று யாராவது நீட்டினால், பக்கத்து திருச்சி மாவட்டம் முடிகண்டம் கோமதியை நினைத்துப் பாருங்கள்.

2019-ல் தோகா ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்றார். நாடே கொண்டாடியது. சிறுநீர் சோதனையில் ‘நாண்ட்ரோலோன்’ சிக்கியது. தெரிந்து எடுக்கவில்லை என்றார், எடுபடவில்லை. 2020-ல் 4 ஆண்டு தடை. தங்கமும் போச்சு.

இது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு. உடம்பு அதை உடைத்து வேறு ரசாயனமாக்கி சிறுநீரில் தள்ளும். எண்ணெய் ஊசி என்றால் மாதக்கணக்கில் காட்டிக் கொடுக்கும். குடம் தண்ணீர் குடித்தாலும் தப்ப முடியாது! லேபிளில் போடாமலே பவுடரில் ஸ்டீராய்டு கலப்பதும் உண்டு.

பிள்ளைகளை மட்டும் அதட்டி என்ன பயன்? இரண்டு மாவட்ட விளையாட்டு அதிகாரிகளும் முதலில் கோச்சுகளை டாக்டர் முன்னால் உட்கார வைத்து பாடம் நடத்தட்டும்.