ஏகாரமும் 'ஓன்லி'யும்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார இரயிலில், மாலைப்பொழுதில், கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே நின்றுகொண்டு வந்தவர் எவரும் இதனைக் கேட்டிருப்பர். ஒருவர் தொலைபேசியைச் செவியிற் சேர்த்து, "ஐ ஆம் இன் பல்லாவரம் ஓன்லி" என்பார். மறுமுனையில் இருப்பவர் ஏதோ கடிந்துகொள்ள, "மார்னிங் இட்ஸெல்ப் ஐ டோல்ட் யூ" என்று தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைப்பார். 'ஓன்லி' என்பதற்கு அகராதி கூறும் பொருளை இங்கே பொருத்திப் பார்ப்பின், அவர் பல்லாவரத்தில் மாத்திரம் இருக்கின்றார், வேறெங்கும் இல்லை என்றாகும். ஒருவர் ஒரே காலத்தில் ஈரிடத்து இருத்தல் இயலாதாகலின் அச்சொல் வீண் என்று ஆங்கில இலக்கணம் கற்றார் நகைப்பர். யாமும் நகைத்ததுண்டு.

நகைத்ததை நினைந்து இப்போது நாணுகின்றோம். எம் நண்பர் ஒருவர், தென்கோடிச் சிற்றூர் ஒன்றில் தமிழிலேயே பயின்று வந்தவர், சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்திற்கு நேர்காணலுக்குச் சென்றார். ஊரிலிருந்து எப்போது வந்தீர் என்பது முதல் வினா. "ஐ கேம் எஸ்டர்டே இட்ஸெல்ப், சார்" என்றார் அவர். வினவியவர் அத்தொடரை அதே ஓசையில் திருப்பிச் சொல்லி, பக்கத்திலிருந்தவரை நோக்கிச் சிரித்தார். அதன்பின் வந்த வினாக்களுக்கெல்லாம் விடை அறிந்திருந்தும், 'எஸ், சார்', 'நோ, சார்' என்னும் இரண்டோடு எம் நண்பர் நின்றுவிட்டார். வேலை கிடைக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி இதனை அவர் கூறியபோது யாமும் சிரித்தோம். அதுவே எம் குற்றம். அன்று தொடங்கி ஒரு பருவம் முழுதும் அவர் எம்முன் ஆங்கிலத்தில் வாய் திறந்திலர்.

அவர் சொன்னதில் பிழை யாது? நன்னூல் இடையியலைப் பாடங்கேட்ட வாரத்தில்தான் இவ்வினா எம்மைப் பிடித்துக்கொண்டது. ஏகார இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள் வகுத்தார் பவணந்தியார். இவற்றுள் இசைநிறை ஒழிந்த ஐந்தையும் அவருக்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர் கூறிவிட்டார். பிரிநிலையாவது பலவற்றினின்றும் ஒன்றைப் பிரித்துக் காட்டுதல். தேற்றமாவது ஐயமறத் துணிந்து கூறுதல். இக்காலப் பேச்சில் இவ்விரு பொருளையும் ஏகாரத்தோடு 'தான்' என்னும் சொல்லும் பகிர்ந்து சுமக்கின்றது. நன்னூலார் இத் 'தான்' என்பதனை அசைமொழிகளின் வரிசையில் வைத்தார். அவ்வரிசையில் ஓரமாக நின்ற சொல் இன்று தொடரின் உயிரையே தாங்குகின்றது.

"நேற்றே வந்தேன்" என்பதும் "நேற்றுத்தான் வந்தேன்" என்பதும் ஒன்றல்ல. முன்னதைச் சொல்பவன், இன்று வந்தாற் போதுமாயிருக்க, முந்திக்கொண்டு வந்துவிட்டேன் என்கின்றான். பின்னதைச் சொல்பவன், வந்து அதிக நேரமாகவில்லை, என்னைக் கோபியாதே என்கின்றான். நாள் ஒன்றே, கருத்து நேர்மாறு. இனி நம்மவர் ஆங்கிலத்தைப் பாருங்கள். முன்னதற்கு 'எஸ்டர்டே இட்ஸெல்ப்'. பின்னதற்கு 'எஸ்டர்டே ஓன்லி'. இவ்விரண்டையும் இடம் மாற்றிச் சொல்லும் தமிழரை யாம் இதுவரை கண்டிலோம். இடப்பெயர்களோடு வருங்கால் இவ்வரம்பு சிறிது தளர்வதுண்டு. 'ஹியர் இட்ஸெல்ப்' என்பாரும் 'ஹியர் ஓன்லி' என்பாரும் உளர். காலப்பெயர்களில் அத்தளர்ச்சி இல்லை. தடுமாற்றம் என்று நாம் நகைக்கும் இடத்தில் ஒரு விதி வழுவாது நிற்கின்றது.

அவ்விதி எங்கிருந்து வந்தது என்பதும் ஒருவாறு ஊகிக்கத்தக்கதே. "அவரே வந்தார்" என்பதற்கு 'ஹி ஹிம்ஸெல்ப் கேம்' என்பது குற்றமற்ற ஆங்கிலம். ஏகாரத்திற்கு நேரான சொல் இதோ கிடைத்தது என்று கொண்ட நம் முன்னோர், ஆட்பெயரோடு நின்ற அதனைக் காலைக்கும் மாலைக்கும் நேற்றுக்கும் விரித்துக்கொண்டனர் போலும். ஆங்கிலேயர் அத்துணைத் தூரம் அதனைக் கொண்டுசெல்வதில்லை. அவர்களுக்கு அது வேண்டுவதும் இல்லை. எச்சொல்லைச் சிறப்பிக்க வேண்டுமோ அச்சொல்லைக் குரலால் அழுத்திவிடுவர்; அன்றித் தொடரையே பிரித்துத் திருப்பி அமைப்பர். நாமோ சொல்லின் பின்னே ஓர் இடைச்சொல்லை ஒட்டுகின்றோம். குரலை நம்பும் மொழியைப் படிப்பார்க்கு ஓர் இடர் உண்டு. ஆங்கில வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில், தன் கழுதைக்குச் சேணம் கட்டுமாறு ஒரு முதிய தீர்க்கன் தன் குமாரரிடம் சொல்லும் இடம் உளது. அடுத்து வரும் பிரதிப்பெயரை ஆராதனையில் வாசிப்பவர் அறியாது அழுத்திவிட்டால், குமாரர் கழுதையை விட்டுத் தகப்பனுக்கே சேணம் கட்டியதாக முடியும்! தமிழில் அவ்விபத்து இல்லை; அழுத்தம் வேண்டும் இடத்தில் ஏகாரம் எழுத்தாகவே நிற்கும்.

இவ்வழக்கு நம் தென்சென்னைப் புறநகர்க்கே உரியது என்று எண்ணற்க. இந்தி பேசுவோருக்கு 'ஹீ' என ஓர் இடைச்சொல் உண்டு. அதுவும் சொல்லின் பின்னரே நிற்பது. ஆகவே அவரும் 'டுடே ஓன்லி' என்பர். அயர்லாந்தினரும் தம் தாய்மொழியின் தொடரமைப்பை ஆங்கிலத்துள் புகுத்தியவரே; இப்போதுதான் உண்டேன் என்பதனை 'உண்டபின் இருக்கின்றேன்' என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் கூறுவர். அவ்வாங்கிலத்தையே சிங் என்னும் நாடகாசிரியர் 1907-இல் டப்ளின் மேடையில் ஏற்ற, அதனை இன்று இலக்கியம் என்று பாடம் கேட்கின்றோம்.

நிற்க. எதுவும் எங்கும் சொல்லலாம் என்று யாம் வாதிக்கவில்லை. "அவர்தான் இவ்வேலையைச் செய்தார்" என்று ஒருவரைப் புகழக் கருதி, 'ஹி ஓன்லி டிட் தி வொர்க்' என்று நற்சான்றில் எழுதிவிட்டால், அயல்நாட்டார் அதனை 'வேலையைச் செய்தார், அவ்வளவே' என்றும் கொள்ளக்கூடும். புகழ் இகழாகிவிடும். தொலைபேசியில் கேட்பவரும் பேசுபவரும் தமிழராதலின் மயக்கம் இல்லை. கடல் கடந்து போகும் கடிதத்தில் உண்டு. இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்குக் கற்பித்தே ஆகவேண்டும்.

கற்பிக்கும் முறையில்தான் எமக்குக் குறை. 'இட்ஸெல்ப்' என்பதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்தால் கற்பித்தல் முடிந்தது என்று எண்ணுகின்றோம். கோடு கண்ட மாணவன், தான் அறியாமையால் உளறியதாகக் கருதுகின்றான். ஓர் இலக்கணத்தின் விதியை மற்றோர் இலக்கணத்துள் நடத்தினான் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார் என்பர். பின்வரும் ஐரோப்பியர்க்குத் தமிழ் விளங்குமாறு அவர் இலத்தீனில் இயற்றிய இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. தமிழ் பயிலவந்த பரதேசிக்கு, அவன் அறிந்த மொழியினின்று தொடங்கி வழிகாட்டும் நூல் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே கிடைத்தது. ஆங்கிலம் பயிலும் சிற்றூர்த் தமிழனுக்கு அவ்வுதவி வேண்டாவோ? ஆங்கில வகுப்பில் ஒரு மணி நேரம் ஏகாரத்திற்கு ஒதுக்கினால் போதும். பலகையின் ஒரு பக்கத்தில் "நேற்றே", "நேற்றுத்தான்" என்று எழுதுக. எதிரே ஆங்கிலேயர் அவற்றை எவ்வெவ்வாறு சொல்வர் என்று எழுதுக. தமிழ்த்துறையினராகிய எம்மை அழைத்தால் சுண்ணக்கட்டியோடு வர ஆயத்தமாயிருக்கின்றோம்.

எம் நண்பர் சொல்ல விழைந்தது, நேர்காணலுக்காக ஒருநாள் முன்னதாகவே வந்து காத்திருந்தேன் என்பது. அவருடைய கருத்தூன்றலை அறிவித்த சொல் அத்தொடரில் அது ஒன்றே; சிரிப்பு அதன்மேல் விழுந்தது. இதனை விளங்கிக்கொண்டபின் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "நீர் சிரித்தது பெரிதல்ல, ஏன் சிரித்தீர் என்று சொல்லாமற் போனீரே, அதுதான்" என்றார். அடுத்த மாதம் வேறோர் இடத்திற்கு அழைப்பு வந்திருக்கின்றதாம். இம்முறையும் முதல்நாளே போய்விடுவாராம். அதனை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்லலாம் என்று சேலையூர் ஏரிக்கரை வரை நடந்து பேசிக்கொண்டிருந்தோம். மூன்று வழிகள் அகப்பட்டன. இரண்டில் 'இட்ஸெல்ப்' இல்லை. மூன்றாவதை அவர் விடுவதாயில்லை.