160 ஜிபி எதுக்குய்யா உனக்கு?

இன்னிக்கு எழுத வந்தது ஒரு பழைய பாட்டுப் பொட்டியைப் பத்தி. ஐபாட் கிளாசிக், 160 ஜிபி. இன்னமும் இதைக் கட்டிக்கிட்டு அழறவங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன். ஏன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. அதுல பாதி எனக்கு ஜல்லியாத்தான் படுது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

என்னோடது 2009 மாடல். ஆபீஸ் சீனியர் ஒருத்தர் ஆன்சைட்ல இருந்தப்ப வாங்கினது. வீடு மாத்தும்போது "நீதான்டா பாட்டுப் பைத்தியம், ஒரு நாலாயிரம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ"ன்னார். அன்னிலேர்ந்து இதைப் பார்க்கற அத்தனை பேரும் கேக்கற ஒரே கேள்வி: "160 ஜிபிக்குப் பாட்டா? எதுக்குய்யா உனக்கு?"

சுருக்கமா வரலாறு. 2001 அக்டோபர்ல வந்த முதல் ஐபாட் வெறும் 5 ஜிபி, ஆயிரம் பாட்டு பிடிக்கும்னு சொல்லி வித்தாங்க. 2007 செப்டம்பர்ல கிளாசிக்னு பேர் வெச்சு 80, 160ன்னு ரெண்டு வந்துச்சு. 2008ல ரெண்டையும் தூக்கிட்டு 120 மட்டும். 2009ல ஒல்லி உடம்புலயே 160. 2014 செப்டம்பரோட நிறுத்திட்டாங்க. உள்ளே போடற பாகங்களே இப்ப கிடைக்கறதில்லைன்னு டிம் குக் காரணம் சொன்னார். 2022 மே மாசம் ஐபாட் டச்சும் போனதோட அந்தக் குலமே முடிஞ்சு போச்சு. ஆகவே இன்னிக்கு யார் வாங்கினாலும் செகண்ட் ஹேண்ட்தான்.

இப்ப ஜல்லிக்கு வருவோம். "இதுல வர்ற சவுண்டு வேற எதுலயும் வராது"ங்கறது முதல் ஜல்லி. இதுக்குள்ளயே ரெண்டு கட்சி வேற இருக்கு. 2005ல வந்த வீடியோ ஐபாட்ல உல்ஃப்சன் சிப், கிளாசிக்ல சிரஸ் லாஜிக் சிப். உல்ஃப்சன் கட்சிக்காரங்க பேசறதைக் கேட்டா, கிளாசிக் வெச்சிருக்கறவன் காதுல தகர டப்பா மாட்டியிருக்கான்னு நினைச்சுக்குவீங்க. ஒண்ணு கேக்கறேன். ரெண்டையும் ஒரே வால்யூம்ல வெச்சு, எது எதுன்னு தெரியாம கேட்டுப் பார்த்தீங்களா? ஒண்ணு துளி சத்தமா இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிடும். தவிர, எங்கேயோ இறக்கின 128 கேபிபிஎஸ் எம்பி3யைப் போட்டுட்டு சிப்பைப் பத்திப் பேசறது, ரேஷன் அரிசியை வெள்ளித் தட்டுல போட்டுட்டுத் தட்டை நக்கற கதை.

ரெண்டாவது ஜல்லி "நாப்பதாயிரம் பாட்டு". ஆப்பிளே சொன்ன கணக்குதான் அது. 128 கேபிபிஎஸ், பாட்டுக்கு நாலு நிமிஷம். மொத்தம் 2,667 மணி நேரம், அதாவது தூங்காம கேட்டா 111 நாள். எவன் கேக்கப் போறான்? ஆனா 320 கேபிபிஎஸ்க்குப் போனீங்கன்னா ஒரு பாட்டு கிட்டத்தட்ட 10 எம்பி, பதினாறாயிரம் பாட்டோட நின்னுடும். சிடியை அப்படியே லாஸ்லெஸ்ல ஏத்தினா அஞ்சாறாயிரம்தான். நாப்பதாயிரம் எப்படிச் சுருங்குது பாருங்க.

நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணு போடறேன். இளையராஜா ஆயிரம் படத்துக்கு மேல இசையமைச்சிருக்கார். படத்துக்கு அஞ்சு பாட்டுன்னு வெச்சாலே ஐயாயிரம் பாட்டு. பாட்டுக்கு அஞ்சு நிமிஷம், 320 கேபிபிஎஸ், 12 எம்பி. மொத்தம் 60 ஜிபி. ஒரே ஒரு ஆளுக்கு! இன்னும் எம்.எஸ்.வி. வரணும், கே.வி.மகாதேவன் வரணும், ரகுமான் வரணும். இப்ப சொல்லுங்க, 160 ஜாஸ்தியா? :-)

ஆனா ஏத்தறது பெரிய விஷயமில்ல, ஏத்தினதைத் தேடி எடுக்கறதுலதான் இருக்கு. இந்தப் பொட்டியை டிசைன் பண்ணவங்க மனசுல இருந்தது வெள்ளைக்காரன் பாட்டு. ஆர்ட்டிஸ்ட்னா ஒரு பேண்டு, அதுக்கு நாலு ஆல்பம், முடிஞ்சுது. நமக்கு ஆர்ட்டிஸ்ட் யாரு? எஸ்.பி.பி. ஒரு ஆர்ட்டிஸ்ட். எஸ்.பி.பி.யும் ஜானகியும் சேர்ந்து பாடினா அது இன்னொரு ஆர்ட்டிஸ்ட். ஜானகி பேரை முன்னாடி போட்டா மூணாவது. ஒரே படத்தோட அஞ்சு பாட்டு அஞ்சு மூலையில போய் உக்காந்துக்கும். இது போதாதுன்னு இளையராஜா பேரை இங்கிலீஷ்ல ஒரு எல்லா ரெண்டு எல்லா, ஒரு ஏவா ரெண்டு ஏவான்னு எல்லா விதத்துலயும் எழுதி வெச்சிருக்கானுங்க. என் லிஸ்ட்ல ஏழு இளையராஜா இருந்தாங்க. ஆல்பம் பேர் இருக்க வேண்டிய இடத்துல டவுன்லோடு சைட்டு விளம்பரம். அவ்வ்வ்வ்.

கைகொடுத்தது ஒரு மெனு. பாட்டு மெனுவுல கீழே கம்போஸர்னு ஒண்ணு இருக்கும், பல பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. பீத்தோவன், மொசார்ட் கேக்கறவங்களுக்காக வெச்சதா இருக்கணும். தமிழ் சினிமாப் பாட்டுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி பொருந்துது. கம்போஸர்ல இசையமைப்பாளர், ஆல்பத்துல படம், ஆர்ட்டிஸ்ட்ல பாடினவங்க. கூடவே கம்பைலேஷன்னு ஒரு டிக் போட்டா படம் சிதறாது. பைத்தான்ல மியூட்டாஜென் லைப்ரரியை வெச்சு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, மூணு வார சனி ஞாயிறை இதுக்கே கொடுத்தேன். ஏழு ராஜாவும் ஒரே ராஜாவா ஆனப்ப வந்த சந்தோஷம், ஆபீஸ்ல ரிலீஸ் முடிஞ்சப்பக் கூட வந்ததில்ல.

"எல்லாம் ஆப்லயே இருக்கே, இந்த வேலை எதுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு. எல்லாம் இருக்கு, அவங்க இருக்க விடற வரைக்கும். 2019 பிப்ரவரியில ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்துச்சு. ஏப்ரல்லயே சரிகமாவோட பாட்டெல்லாம் அதுல இருந்து போச்சு. ஹெச்எம்வி தட்டுல வந்த பழைய தமிழ்ப் பாட்டெல்லாம் அவங்ககிட்டதான், ஞாபகம் இருக்கட்டும். திரும்பி வர 2020 ஆச்சு. அதே 2020 கடைசியில கூகுள் பிளே மியூசிக்கை மூடினாங்க. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோட இந்தியாவுல காலி. விங்க் அதே 2024ல காலி. நான் மாசக் காசு கட்டற ஆப் ஒண்ணுல (பேர் வேண்டாம்) என் லிஸ்ட்ல நாலஞ்சு வரி சாம்பல் கலர்ல கிடக்கு. தொட்டா ஒண்ணும் ஆகாது. ஏன்னு சொல்லவும் ஆளில்லை. சாப்பாட்டுக்குக் காசு கட்டிட்டு, பாதி இலையில பொரியலை வழிச்சுட்டுப் போன மாதிரி.

இன்னொண்ணு, எந்த ஆப்லயும் எப்பவும் வராதது. அப்பா அம்மா கல்யாணத்துல யாரோ டேப் ரெக்கார்டரை மேடை ஓரமா வெச்சு ரெக்கார்டு பண்ணின 90 நிமிஷ கேசட் ஒண்ணு. எங்க ஊர் நாதஸ்வரக்காரர் வாசிச்சது. நடுவுல மோகனம் போயிட்டிருக்கும்போதே தாத்தா "பந்தி ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் வாங்கோ"ன்னு கத்தற குரல் கேக்கும். தாத்தா குரல் எங்க வீட்டுல இருக்கறது அது ஒண்ணுதான். கேசட்டுல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. டேப் ரெக்கார்டர்ல இருந்து லேப்டாப்புக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டியில ஏத்தி, லாஸ்லெஸ்ஸா வெச்சிருக்கேன். காப்பி ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல தனியா இருக்கு. அதுவும் இந்தப் பொட்டியில ஒரு ஆல்பம். கம்போஸர் இடத்துல நாதஸ்வரக்காரர் பேரைப் போட்டிருக்கேன். ஷஃபிள்ல விட்டா திடீர்னு ஒரு குத்துப்பாட்டுக்கு அப்புறம் தாத்தா பந்திக்குக் கூப்பிடுவார்.

"இப்ப வர்ற போன்லயே 256 ஜிபி இருக்கே"ன்னா, நியாயம். அதே ஃபைலைப் போன்ல போட்டாலும் அதேதான் பாடும், இதுல மாயம் எதுவும் இல்ல. ஆனா போன்ல இடம் குறைஞ்சா போட்டோவா, பாட்டான்னு பார்த்து முதல்ல பாட்டைத்தான் அழிப்பீங்க. மூணு வருஷத்துக்கொரு தடவை போனையே மாத்துவீங்க. இதுல பாட்டைத் தவிர வேற எதையும் வெக்கத் தோணறதில்ல.

குறைகளையும் சொல்லிடறேன். புளூடூத் கிடையாது. ஐடியூன்ஸோட மல்லுக்கட்டணும். ஃபிளாக் ஃபைல் பாடாது, ராக்பாக்ஸ் போட்டா பாடும். 36 மணி நேரம் பேட்டரின்னு சொன்னதெல்லாம் சின்ன ஃபைலுக்கு. உள்ளே இருக்கறது சுத்தற ஹார்ட் டிஸ்க். அது கொஞ்ச நேரம் சுத்தி 64 எம்பி மெமரியில பாட்டை நிரப்பிட்டுத் தூங்கிடும். நம்ம பொட்டி தட்டற பாஷையில ப்ரீஃபெட்ச். 320 கேபிபிஎஸ்னா ஆறு பாட்டுக்கு ஒரு தடவை எழுந்தா போதும், லாஸ்லெஸ்னா ரெண்டு பாட்டுக்கே எழுந்துக்கும். அடுத்து, அடுத்துன்னு தட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா டிஸ்க்குக்குத் தூக்கமே இல்ல, பேட்டரியும் காலி.

வாங்கறதா இருந்தா ஒண்ணு செய்யுங்க. மெனுவையும் நடு பட்டனையும் சேர்த்துப் பிடிச்சு ரீபூட் பண்ணி, ஆப்பிள் படம் வந்ததும் நடு பட்டனையும் ரீவைண்டையும் சேர்த்துப் பிடிங்க. டயக்னாஸ்டிக் மெனு வரும். அதுல ஹார்ட் டிஸ்க் ஸ்மார்ட் டேட்டாவைத் தேடுங்க. ரீஅலாக், பெண்டிங் ரெண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்தா காசைக் கொடுங்க. நூத்துக்கணக்குல இருந்தா, விக்கறவர் என்ன கதை சொன்னாலும் கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. டிஸ்க் செத்தாலும் அதை எடுத்துட்டு மெமரி கார்டு மாட்டற போர்டு கிடைக்குது, ஆனா மூடியைத் திறக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.

டிஸ்கி: யார் வீட்டு டிராயர்லயாவது பழைய 30 பின் கேபிள் சும்மா கிடந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஃபில்டர் காபி என் செலவு.