இடுப்பில் எந்த இடம்?

டிஸ்பென்சரியில் நமது பெண்கள் சொல்வது ஒரே பேச்சுத்தான்: "இடுப்பு வலிக்குதுங்க ஐயா." கிடைப்பதும் ஒன்றுதான், பெனடோல். மறுநாள் மலைக்குப் போய், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டால் "வேலைக்குக் கள்ளம்" என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

இடுப்பு என்று நாம் சொல்லும் இடம் பெரியது. முள்ளந்தண்டின் அடி எலும்பு இரு பக்கமும் இடுப்பெலும்போடு சேரும் மூட்டு ஒன்று உண்டு. சாக்ரோஇலியாக் மூட்டு என்பார்கள் வைத்தியர்கள். பிள்ளைப்பேற்றின்போது அதன் கட்டுகள் தளரும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து, முதுகில் பாரத்தோடு நிற்பவர்களுக்கு அது நோவதில் என்ன அதிசயம்?

இந்த வலி பெரும்பாலும் நடு முதுகில் இராது. பின்னிடுப்பில் தெரியும் சிறு குழிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, ஒரு பக்கத்தில் இருக்கும். பிட்டத்துக்கும் தொடைக்கும், சிலருக்குக் கவட்டுக்கும் இறங்கும். நோயாளி ஒரே விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாரா, மறுமுறை கேட்டாலும் அதையே காட்டுகிறாரா என்று பார்க்கும் முறையை ஃபோர்ட்டின், ஃபால்கோ என்ற இரு வைத்தியர்கள் 1997இல் எழுதினார்கள். செலவில்லாத சோதனை. பெரியாஸ்பத்திரியில் சிங்களம் தெரியாமல் தடுமாறும் நமக்கு, விரலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதும் ஒரு லாபம்.

விரல் காட்டுவது மட்டும் முடிவாகாது. முதுகெலும்புத் தட்டு வலியும் இடுப்பு மூட்டு வலியும் அதே இடத்துக்கு வரலாம். மூட்டை அழுத்தியும் காலை மடக்கியும் பல விதமாகச் சோதிக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் இவை எல்லாம் "எங்கே?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் தொடங்கும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: வலியுள்ள இடத்தைத் தொட்டுப் பார்த்துத் துண்டில் எழுதட்டும். தேவையானவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். அதுவரை பாரமில்லாத வேலையும் முழுப்பேரும் கொடுக்கட்டும். மாதர் சங்கத் தலைவிமார் இதைத் துரையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திராதீர்கள். அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.