மலிவுக் கமராவின் மதிப்பு

கையடக்கமான ஸூம் கமராக்களுக்கு மீண்டும் ஒரு மவுசு பிறந்திருக்கின்றது. கைத்தொலைபேசி வந்தபின் இவற்றின் காலம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர். இப்பொழுதோ இளைஞர்களே இவற்றை விரும்பிக் கேட்கின்றனர். கேட்பது பிள்ளை, பணங் கொடுப்பது தந்தை. ஆதலால், கொடுக்கும் விலைக்குத் தகுந்த பண்டந்தானா என்று நாம் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

உதாரணமாக, கொடாக் பிக்ஸ்புரோ எப்.இஸட். 45 என்னும் கமராவை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கண்டு மயங்க வேண்டா. ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே டிஜிற்றல் கமராத் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. 2013 முதல் அப்பெயரை உரிமம் பெற்று வழங்குவது ஜே.கே. இமேஜிங் என்னும் வேறொரு நிறுவனம். பெயர் பாட்டனாருடையது, பண்டமோ பேரனுடையதுகூட அன்று!

இக்கமராவின் உண்மையான செல்வம் அதன் 4 மடங்கு ஸூம் வில்லைதான். பாடசாலை மைதானத்தில் 40 மீற்றர் தொலைவில் நம் பிள்ளை ஓடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஸூம் இன்றி எடுத்தால் ஏறத்தாழ 53 மீற்றர் அகலமான மைதானம் படத்தில் விழும், பிள்ளை எறும்பாகும். வில்லையை முற்றாக நீட்டினால் 13 மீற்றர் அகலமே விழும். பிள்ளையை இனங் காணலாம்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 'டிஜிற்றல் ஸூம்' என்பதோ வேறு. அது வில்லையின் வேலையன்று, கத்தரிக்கோலின் வேலை. 16 மெகாபிக்ஸல் என்றால் 160 இலட்சம் புள்ளிகள். அவ்வாறு 4 மடங்கு பெருப்பித்தால் எஞ்சுவன 10 இலட்சமே. 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படமொன்றைத் தெளிவாக அச்சிடவே 20 இலட்சத்துக்குமேல் வேண்டும். இவ்வெண்ணுக்காக ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுத்தல் வீண்.

இனி, குறையைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. இவ்வகைக் கமராவில் ஒளியை ஏற்கும் தகடு சுமார் 6 மில்லிமீற்றர் அகலமும் 4½ மில்லிமீற்றர் உயரமுமே கொண்டது. சுண்டுவிரல் நகத்திலும் சிறிது. இன்றைய நல்ல கைத்தொலைபேசிகள் பலவற்றில் இதனினும் பெரிய தகடு உளது. போதாக்குறைக்கு, வில்லையை நீட்ட நீட்ட உள்ளே புகும் ஒளியும் குறையும். மகளின் அரங்கேற்றத்தை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுக்கலாமென்று இதை வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். படம் மணல்மணலாய் வரும். அபிநயம் பிடிக்கும் கை புகைபோல் கலையும். பிளாஷ் வெளிச்சமும் மேடைவரை எட்டாது.

எனவே, பகலொளியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் இது தகும். கைத்தொலைபேசி கொடுக்க விரும்பாத சிறுபிள்ளைக்கும் தகும்; 2 பென்ரோச் பற்றரிகளில் இயங்குவதால் கிராமத்துக் கடையிலும் அதற்கு உணவு கிடைக்கும். இராக்கால விழாக்களுக்கெனின், கையிலுள்ள தொலைபேசியே போதும். பணத்தைச் செலவிட வேண்டா.

பாவித்த கமரா வாங்குவோர் கடையிலேயே வெள்ளைச் சுவரொன்றைப் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்க்கவேண்டும். ஒரே இடத்தில் கரும்புள்ளி மீண்டும் மீண்டும் தெரிந்தால் உள்ளே தூசி புகுந்துள்ளது. வில்லைக்குழல் வெளிவருகையில் கரகரவென்று ஒலித்தால், கடற்கரை மணலாக இருக்கலாம். விலை எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.